மூன்றாம் நாட்டுக் கிராம்பு

நீ பொய் சொன்னாய். தெரியாமல் சொல்லவில்லை, பயத்தில் உளறவில்லை, யாரும் மிரட்டிக் கறக்கவும் இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஜெசியக்காவின் பிழைப்பை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு உன் பிழைப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாய். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் இந்தச் சுங்க அலுவலகத்து மாடியில், இந்த மர பெஞ்சில், அவளுடைய வக்கீலாக, கழுத்துப் பட்டை இறுக்க உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல முடியவில்லை. இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு முன்னால் வராந்தாவில் சாட்சியிடம் வாயைக் கொடுத்தால் உன் சென்னை வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு ஆடுவான். அதனால் நீ அந்தப் பெஞ்சு, நான் இந்தப் பெஞ்சு. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல், இரண்டு முழங்காலிலும் கையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கிறேன். துறைமுக கேட்டில் லாரிக்காரர்களிடம் வாடகை பேசிய காலத்தில் வந்த பழக்கம் இது. முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது. கால் ஆடினால் அவனுக்கு அவசரம், கொஞ்சம் பொறுத்தால் இறங்கி வருவான். உன் கால் ஆடவில்லை. தரையில் ஒட்ட வைத்த மாதிரி இருக்கிறது. ஜெசியக்கா சன்னல் பக்கம் நிற்கிறாள், உட்கார மாட்டேன் என்கிறாள், உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரேன் இறக்குவதைப் பார்க்கிறாள், யாருடைய சரக்கோ, இனிமேல் அவள் கை படாத சரக்கு. கதவருகில் சிப்பாய் ஸ்டூலில் தூங்கி வழிகிறான். உள்ளே வேறு யாருடைய விசாரணையோ ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகுகிறது, அந்த முனகலுக்காகக் காத்திருந்து காத்திருந்து என் பல் வலிக்கிறது.

எல்லாம் அந்தக் கிராம்பு. கொழும்புப் பக்கத்தில் விளைந்தது என்று அந்த நாட்டுச் சான்று இருந்தால் இங்கே வரி கிடையாது, இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம். உன் கிராம்பு அங்கே விளையவில்லை. எங்கோ ஆப்பிரிக்கப் பக்கத்துத் தீவில் விளைந்து, கொழும்பில் இறங்கி, சாக்கு மாறி, சான்று வாங்கி, உள்ளூர்ப் பிள்ளை மாதிரி இங்கே வந்து இறங்கியது. மூன்றாம் நாட்டுச் சரக்கு. இது உனக்குத் தெரியும், அது கப்பல் ஏறுவதற்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் கிளியரிங் ஏஜென்ட், உனக்கும் சுங்கத்துக்கும் நடுவில் நின்று பேப்பர் தாக்கல் செய்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிறவள், இந்தத் துறைமுகத்தில் பரீட்சை எழுதி அந்த உரிமம் வாங்கிய முதல் பெண். வேறு எவன் வந்தாலும் தோட்டத்துப் பேப்பர் எங்கே, அறுவடைக் கணக்கு எங்கே என்று குடைந்து எடுப்பாள். "நீ பொறந்த சர்ட்டிபிகேட்டையும் சேத்துக் கொண்டாடா" என்று துரத்திவிடுவாள். உன்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உள்ளே இருக்கும் அதிகாரிக்கு எப்படிப் புரிய வைப்பேன்? நீயும் நானும் அவளும் லோபோ கிளியரிங் கம்பெனியில் ஒரே மேசையில் முத்திரை குத்தியவர்கள். ஒரே கம்பெனியில் வேலை பழகியவர்கள் பிறகு தனித்தனியாகக் கடை போட்டாலும் ஒருவரிடம் ஒருவர் காகிதம் கேட்பதில்லை. கேட்டால் அவமானம், கேட்டவனுக்குத்தான் அவமானம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை, இந்தத் தெரு முழுக்க இருக்கிறது. நீ போனில் சொன்னதை அவள் எனக்கு எத்தனையோ தடவை நடித்துக் காட்டிவிட்டாள், உன் குரலிலேயே. "அக்கா, சரக்கு சுத்தம். சான்று கையில இருக்கு. தோட்டத்துப் பேப்பரு அடுத்த கூரியர்ல வருது, நீங்க பில்லக் கம்ப்யூட்டர்ல ஏத்திருங்க." "பேப்பரு வரட்டுமேல, அப்புறம் ஏத்துவோம்." "கப்பலு நாளைக்கு வந்துருமே அக்கா. நான் என்ன வெளியாளா?" அந்தக் கடைசிக் கேள்வியே அவளுக்குப் போதும். எனக்கும் போதுமாக இருந்திருக்கும். ஏற்றிவிட்டாள். கூரியர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பிடிபட்டபோது நீ என்ன செய்தாய்? செட்டில்மென்ட்டுக்குப் போனாய். வரியைக் கட்டுகிறேன், உண்மையை முழுசாகச் சொல்கிறேன், என் மேல் வழக்குப் போடாதீர்கள் என்று விலக்கு வாங்கிக்கொண்டாய். வாங்கு, யார் வேண்டாம் என்றது, சட்டத்தில் வழி இருக்கிறது, நானே எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உண்மையை முழுசாகச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, "இது வெளிநாட்டுச் சரக்கு என்று ஏஜென்டுக்குத் தெரியும், சாக்கு மாற்றும் யோசனையே அந்த அம்மா சொன்னதுதான்" என்று ஒரு வரி சேர்த்தாயே, அந்த ஒரு வரி. அது எதற்கு? அது இல்லாமலே உனக்கு விலக்கு கிடைத்திருக்கும். நன்றாக ஒத்துழைக்கிறான் என்று நினைக்கட்டும் என்றா? கறிவேப்பிலை மாதிரி மேலே தூவினாயா? பணம் கட்டி வெளியே வர இறக்குமதிக்காரனுக்குக் கதவு இருக்கிறது, ஏஜென்டுக்கு அந்தக் கதவு கிடையாது. அவளுடைய உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். இப்போது ரத்து செய்வதா வேண்டாமா என்று விசாரணை. ரத்து ஆனால் எந்தத் துறைமுகத்திலும் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட முடியாது, சாகும் வரை. அவளுக்கு எதிராக அங்கே இருப்பது உன் அந்த ஒரு வரிதான், வேறு ஒரு துரும்பும் இல்லை. அவள் இதையும் என் பெயரைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வாள். "ஆண்டவரு மூணாம் நாளு எந்திரிச்சிட்டாரு நயினாரு, என் லைசென்சு இன்னும் கல்லறைக்குள்ளயே கெடக்கு. கல்லைப் பெரட்ட ஒரு பயலக் காணோம்." கல்லைப் புரட்டுகிறவன் நீதான். உன்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். முதல் தடவை உனக்குக் காய்ச்சல். அடுத்த தடவை உன் வக்கீலுக்குக் காய்ச்சல். இன்றைக்குத்தான் வந்திருக்கிறாய், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு.

சர்வதேச வர்த்தகச் சட்டம் என்று என் பலகையில் எழுதியிருக்கிறது. எழுத வைத்தவனே நீதான். பெயிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு "வெறும் சுங்கம்னு போட்டா எவம்ல மதிப்பான், இன்டர்நேசனல்னு போடு, அப்பத்தான் பீசு கூடக் கேக்கலாம்" என்றாய். போட்டேன், கேட்டேன், கொடுத்தார்கள். நான் பார்த்த சர்வதேசம் கொழும்பு ஒரு தடவை, அதுவும் படகில் போய் வாந்தி எடுத்துக்கொண்டே. மற்றபடி உலகம் என்னிடம் சாக்கில்தான் வந்தது. பூண்டு வந்தது, பழைய டயர் வந்தது, தேக்குத் தடி வந்தது, பொம்மை வந்தது, எல்லாவற்றிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீ எங்கே பிறந்தாய்? உப்பளத்தில் கால் வெந்தவன் மகன் நான், என்னை எவனாவது அப்படிக் கேட்டால் சட்டையைப் பிடித்திருப்பேன், ஆனால் பூண்டைக் கேட்டேன், டயரைக் கேட்டேன். பகலில் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சட்டம், திரும்பி வந்து கப்பல். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அரசாங்க அறிவிக்கைகளில், அதனால் இன்றும் நான் இங்கிலீஷில் சாப்பாடு கேட்டால்கூட அறிவிக்கை வாசிக்கிற மாதிரிதான் இருக்கிறது என்று ஜெசியக்கா சிரிப்பாள். தீர்ப்பாயத்தில் முதல் தடவை எழுந்து பேசியபோது எதிர்த்தரப்பு வக்கீல் வாய்க்குள் சிரித்தான். நான் அவனை வெளியே வராந்தாவில் மடக்கி, என்ன கேட்டேன் என்பது வேண்டாம், அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. கோபக்காரன் என்று பெயர். இருக்கட்டும். கோபம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கேட்டில்தான் நின்றிருப்பேன். ஆனால் சட்டத்தில் ஒரு விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விதி, அதை வைத்து எத்தனையோ வழக்கு ஜெயித்திருக்கிறேன்: ஒரு பொருள் கடைசியாக எங்கே தன் தன்மையே மாறியதோ அங்கே பிறந்ததாகக் கணக்கு. மரம் நாற்காலி ஆனால் நாற்காலி ஆன இடம். வெறுமனே சாக்கு மாற்றினால் பிறப்பு மாறாது. பெட்டி மாற்றினாலும் மாறாது, பெயர் ஒட்டினாலும் மாறாது. அப்படியானால் நான்? இந்தக் கறுப்புக் கோட்டு சாக்கு மாற்றியதா, தன்மை மாறியதா? நீ எங்கே மாறினாய்? லோபோ கம்பெனியில் நீ காலரா மாதிரி வயிற்றுப்போக்கு வந்து கிடந்தபோது ஜெசியக்கா கஞ்சி ஊற்றிக் கொண்டுவந்து தந்தாளே, அப்போது நீ வேறு ஆள். எந்தத் துறைமுகத்தில் உன்னைப் பிரித்துக் கொட்டி வேறு சரக்கை நிரப்பினார்கள்? அல்லது அப்போதே நீ இதுதானா, நாங்கள்தான் சான்றைப் பார்த்து ஏமாந்தோமா? காற்றாடி முனகுகிறது. சிப்பாய் விழித்து, எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்து, மறுபடி கண்ணை மூடுகிறான்.

நேற்றுச் சாயங்காலம் உன் குடோனுக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது. சாட்சியைத் தேடிப் போகிற வக்கீலுக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு. ஆனால் என் கையில் என்ன இருந்தது? உன்னை மடக்க ஒரு சீட்டு இல்லை. நீ சொன்னது போனில் சொன்னது, காற்றில் போனது. நீ மறுத்தால் மறுத்ததுதான். அதனால் எனக்குத் தெரிந்த பழைய தொழிலுக்குப் போனேன், பேரத்துக்கு. மிளகாய் மூட்டைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாய். "வா மாப்ள. டீ சொல்லட்டா, சீனி இல்லாம?" எனக்குச் சர்க்கரை என்பதை மறக்கவில்லை நீ, அது வேறு. "டீ வேண்டாம். நாளைக்கு வருவியா?" "வராம? இந்தத் தடவையும் வரலைன்னா நல்லா இருக்காதுன்னு வக்கீலு சொல்லிட்டாரு." "வந்து?" "வந்து என்ன, எழுதிக் கொடுத்ததத்தான் சொல்லணும். மாத்திச் சொன்னேன்னு வையி, பொய்யின்னு தெரிஞ்சா விலக்கு போயிரும்லா. தூக்கி உள்ள வச்சிருவான். தை மாசம் பிள்ளைக்குக் கல்யாணம் மாப்ள." நான் பேசவில்லை. முதலில் வாயைத் திறக்கிறவன் இறங்குகிறான், அது கேட்டில் கற்றது. மிளகாய் நெடி மூக்கைப் பிடுங்கியது, தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நீதான் திறந்தாய். "வேற வழி இருந்தாச் சொல்லு. உனக்குத் தெரியாத வழியா?" அப்போது விற்றேன். இரண்டு பேருக்கும் சேதமில்லாத சரக்கு. அந்த அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்பேன், ஞாபகம் இல்லை என்று சொல்லு. பொய் என்று நீ ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மெய் என்று நிற்கவும் வேண்டாம். சந்தேகம் வந்துவிடும், சந்தேகம் வந்தால் உரிமத்தை ரத்து செய்வது கஷ்டம், மீதியை நான் வாதாடிக்கொள்கிறேன். நீ யோசித்தாய். அதிலும் பேரம் பேசினாய், பார். "'சரியா ஞாபகம் இல்ல'ன்னு சொல்லட்டா? 'சரியா'வ மட்டும் முன்னால சேத்துக்கிடுதேன், நமக்கும் ஒரு பிடி வேணும்லா." கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். கை குலுக்கினோம். அப்புறம் நீ மேசையைத் திறந்து இரண்டு கல்யாணப் பத்திரிகையை எடுத்தாய், மூலையில் மஞ்சள் தடவி. ஒன்று எனக்கு. "இது அக்காவுக்கு. நீயே குடுத்துரு மாப்ள. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" வாங்கினேன். அதையும் வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு முனகிக்கொண்டு போனேன். முப்பது வருசத்தில் இதைவிட நல்ல பேரம் நான் முடித்ததில்லை என்று நினைத்தேன்.

காலையில் மாடிப்படியில் ஜெசியக்கா என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "என்னல, சிரிச்சிக்கிட்டே வார? ஜெயிச்சிட்டியா, இல்ல வித்துட்டியா?" சொன்னேன். ஒரு படியில் அவள், இரண்டு படி கீழே நான், மூச்சு வாங்க முழுசும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "ஞாபகம் இல்லன்னா என்னல அர்த்தம்? தெரிஞ்சும் இருக்கலாம்னுதான?" "அதனால என்னக்கா? சந்தேகத்துல விட்டுருவாங்க. லைசென்சு திரும்பி வரும்!" "வரும். வந்து? இந்தத் துறைமுகத்துல எவன் ஏங்கிட்டப் பேப்பரு குடுப்பான்? 'ஜெசிந்தா மிராண்டாவா, அது கள்ளக் கிராம்புக்காரி, வக்கீலு சாமர்த்தியத்துல தப்பிச்சிட்டா'ம்பான். அந்த லைசென்ச வச்சி நான் விசிறவா?" எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. படியிலேயே கத்தினேன், மேலே இருந்து சிப்பாய் எட்டிப் பார்த்தான். "உங்களுக்குச் சிலை வைக்க நான் வரல! லைசென்சு வாங்கித் தர வந்திருக்கேன்! கெடைக்கிறத வாங்கிக்கிடணும், அவன் முழுசா மாறிச் சொன்னா அவன் உள்ள போவான், எவஞ் சொல்லுவான் அப்படி?" அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நீ வக்கீலா, லாரி புரோக்கரால?" "ரெண்டுந்தான்!" "அப்ப இன்னைக்கு ஒரு நாளு ஒண்ணா மட்டும் இரி." கோட்டுக்குள் கையை விட்டுப் பத்திரிகையை நீட்டினேன், பேச்சை மாற்ற. அவள் வாங்கவில்லை. மஞ்சள் தடவிய மூலையைப் பார்த்தாள். அவள் வேதக்காரிதான், மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் இந்த ஊரில் எந்த வேதக்காரனுக்கும் எந்தச் சாமி கும்பிடுகிறவனுக்கும் தெரியும், பத்திரிகையை வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துத் தர வேண்டும், ஆள் மூலம் அனுப்புவது வராதே என்பதற்குச் சமம். "இதுவும் அடுத்த கூரியர்தானா?" என்றாள். "அவனையே வந்து வைக்கச் சொல்லு. பிள்ள என்ன செய்யும், பாவம், அத்த அத்தன்னு வரும்." அவ்வளவுதான். மேலே ஏறிப் போய்ச் சன்னல் பக்கம் நின்றுகொண்டாள். இன்னும் நிற்கிறாள். பத்திரிகை என் நெஞ்சுக்கு நேராகக் கோட்டுக்குள் இருக்கிறது, அட்டை தடிமன், மூச்சு இழுக்கும்போதெல்லாம் குத்துகிறது.

உனக்கு இது எதுவும் தெரியாது. பேரம் அப்படியே இருக்கிறது என்று நினைத்துத்தான் கால் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறாய். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்துத் தலையை ஒரு நூல் அசைத்தாய், சரிதானே மாப்ள என்கிற மாதிரி. நானும் அசைத்தேன். ஏன் அசைத்தேன்? பழக்கம். கை குலுக்கியாகிவிட்டால் மாற மாட்டேன், இந்தத் தெருவில் என் மூலதனமே அது ஒன்றுதான், காசு இல்லாத காலத்தில் அந்த வார்த்தையை வைத்துத்தான் லாரி எடுத்தேன். இப்போது அதை உடைக்க வேண்டும், உன்னிடம். உன்னிடம் கொடுத்த வார்த்தையை உடைப்பது பாவமா? நீ அவளிடம் கொடுத்த வார்த்தை என்ன ஆனது? இப்படிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் நானும் நீதான். காலையில் இட்லியை விழுங்கிவிட்டு வந்தேன், சர்க்கரை மாத்திரை போட்டேனா? போட்டேன். போடவில்லையா? துறைமுகத்துப் பக்கமிருந்து உரமா மீன்தூளா என்று தெரியாத ஒரு நெடி வருகிறது, கூடவே உப்பு. கேள்விகளை மனசுக்குள் வரிசையாக அடுக்குகிறேன். முதலில் லோபோ கம்பெனியைப் பற்றிக் கேட்கலாம். அப்புறம் போன். அப்புறம் கூரியர். கூரியர் எந்தக் கம்பெனி என்று கேட்டால் தடுமாறுவாயா? மாட்டாய். உனக்குக் கூரியரே தெரியாது என்பாய். சுற்றிச் சுற்றி எல்லாக் கேள்வியும் அந்தக் கடைசிக் கேள்வியிலேயே வந்து முட்டுகிறது, அதற்கு உன் ஒரு தலையாட்டலைத் தவிர எனக்கு வேறு எந்தப் பிடியும் இல்லை. நீ உண்மையைச் சொன்னால் உன் விலக்கு போகலாம். போகும் என்று சொல்ல மாட்டேன், போகலாம். தை மாசம் மணமேடையில் உன் மகள் உட்கார்ந்திருக்க நீ வேறு எங்கோ உட்கார்ந்திருக்கலாம். நான் அதை வேண்டவில்லை. சத்தியமாக வேண்டவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தந்ததே இந்தச் சன்னல் பக்கம் நிற்கிற பெண்பிள்ளைதான். நான் வாதாடி உன்னைக் காப்பாற்றப் பார்ப்பேன், காசு வாங்காமல், வாங்கினால் என்னைச் செருப்பால் அடி. ஆனால் முதலில் நீ சொல்ல வேண்டும். பொய்யை நீ எடுத்தால்தான் எடுத்தது. நான் பிடுங்கினால் அது அங்கேயேதான் இருக்கும், கொஞ்சம் கிழிந்து. இதைத்தான் அவள் படியில் நின்று சொன்னாள், எனக்கு இப்போதுதான் ஏறுகிறது, சாமர்த்தியத்தில் தப்பித்தவள் என்ற பெயர் வேண்டாம் அவளுக்கு. நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது அந்தப் பெயரைத்தான். பூண்டுக்காரன், டயர்க்காரன், தேக்குக்காரன், எல்லாரும் சாமர்த்தியத்தில் தப்பித்தவர்கள். ஒருத்தன்கூட நான் ஒன்றும் செய்யவில்லை என்று தலையை நிமிர்த்திக்கொண்டு போனதில்லை, போக வேண்டும் என்று கேட்டதும் இல்லை. இவள் கேட்கிறாள். கரண்ட் போய்விட்டது. காற்றாடி முனகலை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றுகிறது, மெதுவாக, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு இறக்கையாகத் தெரிகிறது.

சிப்பாய் கூப்பிடுகிறான். உன் பெயரைத்தான், பிறகு அவள் பெயரை, பிறகு என்னை வக்கீல் சார் என்று. உள்ளே ஜெனரேட்டர் வெளிச்சம், ஒரு சின்ன மேசை. விசாரணை அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயசு, "உக்காருங்க, உக்காருங்க" என்கிறார். டைப் செய்கிற பெண் விரலைச் சொடுக்கிக்கொள்கிறாள். உன் சென்னை வக்கீல் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்கிறான், என்னிடமிருந்து பத்து இருபது கேள்வி வரும் என்று. எனக்குப் போட்ட நாற்காலி உனக்கும் அவளுக்கும் நடுவில், அவளை மறைத்துக்கொண்டு. நான் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போடுகிறேன், கிறீச்சென்று சத்தம், அதிகாரி நிமிர்ந்து பார்க்கிறார், பார்க்கட்டும். இப்போது நடுவில் ஒன்றும் இல்லை. அவள் அங்கே, நீ இங்கே. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் உன்னைப் பார்க்கிறாள், முறைக்கவில்லை, சும்மா, லோபோ கம்பெனியில் நீ முத்திரையைத் தலைகீழாகக் குத்தினால் பார்ப்பாளே, அப்படி. உனக்குச் சத்தியம் செய்து வைக்கிறார்கள். "சார், எனக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்கிறேன். உன் வக்கீல் பேனா நிற்கிறது. நீ சாய்ந்து உட்காருகிறாய், வாயில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, 'சரியா'வையும் சேர்த்து. "கேக்கறதுக்கு முன்னால ஒண்ணு பதிவு செய்யணும் சார். ஞாபகம் இல்லைங்கிற பதிலை நான் ஏத்துக்க மாட்டேன். சரியா ஞாபகம் இல்லைங்கிறதையும் ஏத்துக்க மாட்டேன். அப்படிச் சொன்னா அதே கேள்வியத் திரும்பக் கேப்பேன்." நீ என்னைப் பார்க்கிறாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், கை குலுக்கி முடித்த பிறகு லாரியிலிருந்து சரக்கை இறக்கச் சொன்னால் டிரைவர் பார்க்கிற பார்வை. பார். நன்றாகப் பார். இந்தத் தெருவில் முதல் தடவையாக என் வார்த்தையை நான் உடைத்தேன், உனக்காகத்தான் உடைத்தேன், அவளுக்காகவும். "கொழும்புல சாக்கு மாறுனது எதுத்தாப்ல இருக்கிற இந்த அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?" டைப் செய்கிற பெண் கேள்வியை அடித்து முடித்துவிட்டுக் காத்திருக்கிறாள். வெளியே கப்பல் ஒன்று ஊதுகிறது. நான் கீழே பார்க்கிறேன். உன் கால் ஆடுகிறது. வலது கால், குதிகால் தரையில் படாமல், படபடவென்று, நீயே அறியாமல். கஞ்சி குடித்த அந்தப் பழைய நீ இவ்வளவு காலமும் அங்கேதான் இருந்திருக்கிறாய், எத்தனை சாக்குக்கு உள்ளே என்றாலும். என்னைப் பார்க்காதே, நான் இறங்க மாட்டேன். உன் வக்கீலைப் பார்க்காதே, அவன் சாயங்கால விமானத்தில் போய்விடுவான். அவளைப் பார். பார்த்துச் சொல். உன் வாயால் போட்டதை உன் வாயால் எடு. தெரியாது என்று சொல். அக்காவுக்குத் தெரியாது என்று சொல். சொல்லிவிட்டு வெளியே வா, உன் பத்திரிகையை வாங்கிக்கொள், தட்டு வாங்கித் தருகிறேன், போய் அவள் வீட்டில் வை. எழுந்திரு. வாயைத் திற. சொல்லுல.